மேயும் விலங்குகளும் புல்வெளி மண்ணின் போசணையும்

மாணவர்களே! "மேயும் விலங்குகள் மண்ணுக்குப் பசளை சேர்க்கின்றன" என்று பலர் விடை எழுதுகின்றனர். இது பாதி விடையே. மாடோ மரையோ நைதரசனையோ பொசுபரசையோ புதிதாக உண்டாக்குவதில்லை. புல் மண்ணிலிருந்து உறிஞ்சியதையே அவை உண்கின்றன. அப்படியானால் அவை செய்வது என்ன?

1. விரைவாகத் திருப்புதல்

ஹோட்டன் சமவெளியை எடுத்துக்கொள்வோம். 1988 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இவ்விடம் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் அமைந்துள்ளது. சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ். குளிரில் பற்றீரியா, பங்கசு ஆகியவற்றின் தொழிற்பாடு மந்தமாவதால் காய்ந்த புல் உக்குவதற்கு நீண்டகாலம் எடுக்கும்.

அதே புல்லை மரை தின்றால் நடப்பது வேறு. மரை அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகள் ஏறத்தாழ 39 பாகை வெப்பத்தில் புல்லைச் சிதைக்கின்றன. சில நாட்களிலேயே எச்சம் புழுக்கையாகவும் சிறுநீராகவும் மண்ணை அடைகிறது. சிறுநீரிலுள்ள யூரியா அமோனியாவாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாறி, மீண்டும் புல்லால் உறிஞ்சப்படுகிறது.

கவனிக்க: பொசுபரசு பெரும்பாலும் சாணத்திலும், பொற்றாசியம் பெரும்பாலும் சிறுநீரிலும் வெளியேறும். நைதரசன் இரண்டிலும் உண்டு.

2. இடம் மாற்றுதல்

மரைகள் மாலையிலும் இரவிலும் புல்வெளியில் மேய்ந்து, பகலில் காட்டுக்குள் ஓய்வெடுக்கும். ஆகவே புல்வெளியின் போசணையில் ஒரு பகுதி காட்டு மண்ணைச் சேர்கிறது.

3. குவிதலும் இழத்தலும்

சிறுநீர் விழுந்த இடத்தில் புல் செழித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆனால் அங்கு குவியும் நைதரசன் முழுவதையும் அப்புல்லால் உறிஞ்ச முடியாது. ஒரு பகுதி அமோனியா வாயுவாக வெளியேறும். இன்னொரு பகுதி மழைநீருடன் கழுவிச் செல்லப்படும். விலங்குகள் அளவுக்கு மிஞ்சினால் புல் குறைந்து, குளம்புகள் மிதித்து மண் இறுகி, சரிவுகளில் மண்ணரிப்பும் ஏற்படும்.

உங்கள் வீட்டு மாடு

தேயிலை மலைக்குள் மாட்டை மேயவிட முடியாது. ஓடைக்கரையில் புல் அறுத்து வந்து கொட்டகையில் போடுகிறோம். சாணம் லீக்ஸ், கரட் பாத்திகளுக்குப் போகிறது. பால் விற்பனைக்குப் போகிறது. புல் அறுத்த இடத்துக்குத் திரும்பியது என்ன? ஒன்றுமில்லை. ஒரே இடத்தில் தொடர்ந்து அறுத்தால் அங்கு புல் மெலிவது இதனால்தான்.

கொட்டகைச் சிறுநீரும் கானில் ஓடி வீணாகிறது. காய்ந்த இலைகளைப் பரப்பி அதை ஊறச்செய்து, சாணத்துடன் சேர்த்து மழை படாமல் மூடி வைத்தால் நல்ல சேதனப் பசளை கிடைக்கும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது மரக்கறிச் செய்கையாளர் பட்ட பாட்டை வீட்டில் கேட்டுப் பாருங்கள். கானில் ஓடுவதன் பெறுமதி அப்போது விளங்கும்.

மாதிரி வினா

"மேயும் விலங்குகள் மண்ணின் போசணையைக் கூட்டுகின்றன." இக்கூற்றை ஆராய்க.

விடைக்குறிப்பு: விலங்குகள் போசணையை உண்டாக்குவதில்லை, அதன் வட்டத்தை விரைவுபடுத்துகின்றன, இடம் மாற்றுகின்றன, சில இடங்களில் குவிக்கின்றன. ஆகவே ஓரிடத்தில் கூடும்போது இன்னோரிடத்தில் குறையும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் எழுதுங்கள். உங்கள் வீட்டுக் கொட்டகையையே உதாரணமாகக் காட்டலாம்.