குட்டிப் பாம்புக்கு எது வீடு?



போன மழையில் எங்கள் வீட்டுக் குழாயடிக்கு ஒரு குட்டித் தண்ணிப் பாம்பு வந்தது. என் தம்பி அதைக் குச்சியால் தள்ளி ஊறுகாய் பாட்டிலில் போட்டுவிட்டான். மூடியில் நாலு ஓட்டை. உள்ளே கொஞ்சம் பால். "அக்கா, நான் இதை வளக்கப் போறேன்" என்றான். பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போனோம். சாயங்காலம் வந்து பார்த்தால் பாம்பு செத்துக் கிடந்தது. தம்பி ராத்திரி சாப்பிடவே இல்லை. "நல்லாத்தானே பாத்துக்கிட்டேன், ஏன் செத்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

பாம்பின் உடம்பு நம்மைப் போலத் தானாகச் சூட்டைச் சமாளிக்காது. குளிர்ந்தால் வெயிலுக்கு வரும். சூடானால் பொந்துக்குள் போகும். பாட்டிலுக்குள் எங்கே போகும்? வெயில் பட்ட கண்ணாடி பாட்டில் அடுப்பு மாதிரி. ஒளிய இடம் இல்லாததால் பயம் வேறு. பயந்த பாம்பு இரை எடுக்காது. பால் அதன் உணவும் இல்லை. தண்ணிப் பாம்பு தின்பது மீனும் தவளையும்தான்.

அப்படியானால் பிடித்த பாம்பைப் புது இடத்தில் எப்படி வைப்பது? அது தெரிந்தவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உள்ளது. 1978-ல் ஆரம்பித்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலையும் அரசு அனுமதியோடு பிடித்து விஷம் எடுக்கிறார்கள். அந்த விஷத்தை வைத்துத்தான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது.

அங்கே பாம்பின் வீடு என்ன தெரியுமா? மண் பானை! அடியில் மணல். வாயில் துணி கட்டியிருக்கும். துணி வழியே காற்று வரும். பானை குளிர்ச்சியாக இருக்கும். உள்ளே இருட்டு, அதனால் பாம்புக்குப் பொந்தில் இருப்பது போலவே இருக்கும். தேவையில்லாமல் யாரும் தொடுவதில்லை. சுமார் மூன்று நாலு வாரம்தான் வைத்திருப்பார்கள். அப்புறம் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். இவ்வளவு தெரிந்தவர்களே பாம்பைத் திருப்பி அனுப்புகிறார்கள். நாம் வளர்க்கலாமா? 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா என்ற இடத்தில் ஆசைக்கு வளர்த்த பர்மா மலைப்பாம்புகள் தப்பின. சிலர் பெரிதானதும் வெளியே விட்டார்கள். அவை பெருகி அங்குள்ள முயல் போன்ற பிராணிகளைத் தின்று தீர்த்தன. அவற்றைப் பிடிக்க 2017-ல் நம் இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே போனார்கள்! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இன்னொரு முக்கியமான விஷயம். கட்டுவிரியன் குட்டிக்குப் பிறந்த அன்றே விஷம் உண்டு. என் தம்பி தள்ளியது அதுவாக இருந்திருந்தால்? நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. அதனால் சின்னதாக இருந்தாலும் கிட்டே போகாதீர்கள், அடிக்காதீர்கள். தள்ளி நின்று பெரியவர்களைக் கூப்பிடுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101. யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், உடனே 108.

போன வாரம் குழாயடியில் மறுபடியும் ஒரு குட்டி வந்தது. தம்பி திண்ணையிலேயே நின்றுகொண்டு, "போ போ, உன் வீட்டுக்குப் போ" என்றான். அதுவும் கல்லுக்கு அடியில் போய்விட்டது.



– 9-ஆம் வகுப்பு மாணவி, ஊரப்பாக்கம்