தைரியம் சொல்வதற்கு முன் பல்லைப் பாருங்கள்

பழனிக்குப் பக்கத்தில், பாலாறு–பொருந்தலாறு அணையை ஒட்டிய ஊர் பாலசமுத்திரம். தென்னைக்குக் குறைவில்லை. ஆயக்குடி கொய்யா பக்கத்திலேயே விளைகிறது. பழனிக்குப் போனால் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பஞ்சாமிர்தம். டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு இந்த மூன்றுமே ஆகாது. இளநீர், கொய்யா, வாழைப்பழமும் பேரீச்சையும் வெல்லமும் சேர்ந்த பிரசாதம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். சிறுநீர் நின்றுபோனவர் தண்ணீர், காபி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டருக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அணைக்கட்டு ஊரில் இருந்துகொண்டு!

இதோடு வாரத்துக்கு மூன்று முறை, வசதியில்லாதவர்களுக்கு இரண்டு முறை, நான்கு மணி நேரம் மிஷினில் படுக்க வேண்டும். மனிதர் சோர்ந்து போகாமல் என்ன செய்வார்? வீட்டில் உள்ளவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். “மனசைத் தைரியமா வச்சுக்கப்பா” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது பாதிக் கதைதான் என்பது என் எண்ணம்.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வெளியான கணக்கில், வினாத்தாள் வைத்துக் கேட்டபோது டயாலிசிஸ் நோயாளிகளில் சுமார் 39 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு தெரிந்தது. நேரில் உட்கார்ந்து பேசிக் கண்டறிந்தபோது அது சுமார் 23 சதவீதமாக இறங்கியது. பசியில்லை, தூக்கமில்லை, அசதி என்பவை சிறுநீரகக் கோளாறின் அடையாளங்களும்கூட என்பது இந்த இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணம். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் நால்வரில் ஒருவர்.

மீதிக் கதை உடம்பில் இருக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகள் பலரின் உடம்பில் அழற்சி ஓயாமல் கனன்றுகொண்டிருக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள் தேங்குகின்றன. ரத்தம் ஒவ்வொரு முறையும் செயற்கைச் சவ்வில் உரசிப் போகிறது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட குழாயில் கிருமி தொற்றலாம். மிகுதியாகத் தேங்கிய நீரால் குடல் வீங்கி, அங்குள்ள பாக்டீரியாக்களின் நஞ்சு ரத்தத்தில் கசியலாம். ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6 ஆகிய அழற்சிக் குறியீடுகளின் அளவு உயர்ந்திருப்பது இதற்குச் சாட்சி.

அழற்சிக்கும் மனதுக்கும் என்ன தொடர்பு? ஹெபடைடிஸ்-சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிடும் மருந்து அது. அதுவரை மனநலத்தில் குறையே இல்லாத பலர் சில வாரங்களில் மனச்சோர்வில் விழுந்தார்கள். வாழ்க்கையில் புதிதாகத் துக்கம் எதுவும் வரவில்லை. வந்தது ஊசி மட்டுமே. செரோட்டோனின் தயாரிக்கத் தேவையான டிரிப்டோஃபானை அழற்சி வேறு பாதைக்குத் திருப்பிவிடுவது இதற்கான விளக்கங்களில் ஒன்று.

அதற்காக அழற்சியை அடக்கினால் மனச்சோர்வு போய்விடும் என்று துள்ளிக் குதிக்க முடியாது. மனச்சோர்வு வந்தவர் மாத்திரையை விடுகிறார், சரியாகச் சாப்பிடுவதில்லை, டயாலிசிஸைத் தவறவிடுகிறார். அதனாலும் அழற்சி கூடும். சிறுநீரகம் நன்றாக உள்ள, மருந்துக்கு மசியாத மனச்சோர்வு கொண்ட 60 பேரிடம் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்தைச் சோதித்த முடிவு 2013-ல் வந்தது. மொத்தத்தில் பலனில்லை, சி.ஆர்.பி. உயர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தொற்று எளிதில் வரும் என்பதால் அத்தகைய மருந்தை இவர்களிடம் பரீட்சித்துப் பார்க்கத் தோன்றாது.

அழற்சியைக் குறைக்கச் செய்யக்கூடியவை சாதாரண வேலைகள்தான். ஈறு வீங்கி, பல் சொத்தையாகி இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுவது. கழுத்துக் குழாயை மாதக்கணக்கில் வைத்திருக்காமல் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலாவுக்கு மாறுவது. ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய 120 லிட்டர் அளவுக்குச் சுத்திகரித்த நீர் ஓடுகிறது; அதன் தரத்தைத் தவறாமல் சோதிக்கிறார்களா என்று கேட்பது. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம்.

மனதுக்கான சிகிச்சையும் உண்டு. அமெரிக்காவில் 120 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்குச் செர்ட்ராலின் மாத்திரை. மற்றவர்களுக்கு டயாலிசிஸ் நாற்காலியிலேயே பேச்சுவழிச் சிகிச்சை. 12 வாரங்களில் மாத்திரை சற்றே முந்தியது, பக்கவிளைவும் அதிலேயே கூடுதல். நம் ஊர் டயாலிசிஸ் பிரிவுகளில் மனநல ஆலோசகர் வருவது அரிது. ஆனால் நான்கு மணி நேரமும் நோயாளியின் கையில் செல்போன் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் சேவையின் இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம்.