கூடம் கோணலா, ஆட்டம் கோணலா? அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் ஓர் இளைஞர் மீது விழும் பழி

2021 செப்டம்பர் 25. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் நார்மன் நகரம். 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய பல்கலைக்கழக அரங்கில் சொந்த அணியின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. குவாட்டர்பேக் ஸ்பென்சர் ரேட்லர் வீசிய ஒரு பந்து எதிரணியின் கைக்குப் போனது. சற்று நேரத்தில் அரங்கின் ஒரு பகுதியிலிருந்து முழக்கம் எழுந்தது: "எங்களுக்குக் கேலப் வேண்டும்!"

அந்த முழக்கம் எதிரணி ரசிகர்களுடையது அல்ல. ரேட்லர் படிக்கும் அதே பல்கலைக்கழகத்தின் ரசிகர்களுடையது. கேலப் வில்லியம்ஸ் என்பவர் அணியின் இரண்டாம் நிலை குவாட்டர்பேக், முதலாம் ஆண்டு மாணவர். அன்று ஓக்லஹோமா தோற்கவும் இல்லை. நேரம் முடியும் தறுவாயில் அடித்த உதையில் 16-13 என்று வென்றது. அந்தப் பருவத்தில் அதுவரை ஓர் ஆட்டத்திலும் அது தோற்றதில்லை.

அதே நாளில் இன்னொரு மாநிலத்தில், கிளெம்சன் பல்கலைக்கழக அணி இரண்டு கூடுதல் நேரம் வரை போராடி 27-21 என்று வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. அங்கே பழி சுமந்தவர் டி.ஜே. ஊயாங்கலலே. சமோவா வம்சாவளியைச் சேர்ந்த இவரை ரசிகர்கள் சுருக்கமாக 'டி.ஜே.' என்பார்கள். பருவம் தொடங்குவதற்கு முன் இந்த இருவருமே நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை வெல்லக்கூடியவர்கள் என்று பேசப்பட்டவர்கள்.

அணி தடுமாறும்போது அதில் குவாட்டர்பேக்கின் பங்கு எவ்வளவு? அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து ரசிகர்கள் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் கேள்வி இது. ஆட்டம் நமக்குப் பழக்கமில்லாததாக இருக்கலாம். ஆனால் ஒருவரைக் கைகாட்டிப் பழி சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

மூன்று விநாடிக்குள் ஒரு முடிவு

அமெரிக்கக் காற்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர். களத்தின் நீளம் 100 யார்டு. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் அது 'டச்டவுன்', ஆறு புள்ளிகள்.

ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் குவாட்டர்பேக்கின் கைக்குத்தான். அவர் அதை ஓட்டக்காரரிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம், அல்லது முன்னே ஓடும் சகாவுக்கு வீசலாம். வீசுவதென்றால் அவருக்குக் கிடைப்பது சுமார் மூன்று விநாடி. அதற்குள் எதிரணியின் அமைப்பைப் படித்து, யார் தனித்து நிற்கிறார் என்று கண்டுபிடித்து, பந்தை விட்டுவிட வேண்டும்.

அந்த மூன்று விநாடியும் அவர் சம்பாதித்தது அல்ல. மற்றவர்கள் வாங்கிக் கொடுப்பது. அவருக்கு முன்னால் ஐந்து பெரிய உடல்காரர்கள் அரணாக நின்று எதிரணியைத் தடுக்கிறார்கள். ஓர் ஆள் சறுக்கினாலும் மூன்று விநாடி இரண்டாகிவிடும். பந்தைப் பிடிப்பவர் சொன்ன பாதையில் சொன்ன நேரத்துக்கு ஓட வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, எந்த உத்தியை ஆடுவது என்று களத்துக்கு வெளியிலிருந்து பயிற்றுநர் தீர்மானிக்கிறார்.

தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குத் தெரிவதோ பந்தைப் பின்தொடரும் படம் மட்டும். பந்து கையை விட்டுப் போகும்போது தெரியும் முகம் குவாட்டர்பேக்கின் முகம். அரணில் சறுக்கியவர் பெயர் பெரும்பாலான ரசிகர்களுக்குத் தெரியாது. காற்பந்தில் தற்காப்பு ஆட்டக்காரர் மூவர் கோட்டைவிட்ட பிறகு, கடைசியில் கோல் விட்டவர் என்று கோல் காவலரை ஏசுவதைப் போன்றதுதான் இது.

ஒரே ஆட்டம், இரு தரப்புக்கும் சான்று

டி.ஜே. மீதான விவாதம் சூடுபிடித்தது 2021 செப்டம்பர் 4-ஆம் தேதி ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில். கிளெம்சன் 10-3 என்று தோற்றது. இரு அணிகளும் சேர்ந்து அடித்தது ஒரே ஒரு டச்டவுன். அதுவும் டி.ஜே. வீசிய பந்தை ஜார்ஜியா ஆட்டக்காரர் இடைமறித்து, 74 யார்டு ஓடி அடித்தது. "தோல்விக்குக் காரணம் யார் என்று கேட்க வேறென்ன வேண்டும்?" என்றது ஒரு தரப்பு.

மறுதரப்பும் அதே ஆட்டத்தின் கணக்கையே எடுத்துக்காட்டியது. அன்று டி.ஜே. ஏழு முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். அரண் நிலைக்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். கிளெம்சன் ஓடி முன்னேறிய மொத்தத் தூரம் 2 யார்டு. ஓட்டம் எடுபடாது என்று தெரிந்துவிட்டால், எதிரணி முழுக் கவனத்தையும் வீச்சைத் தடுப்பதில் வைக்கும். எதிரணியும் சாதாரணமானது அல்ல. அந்தப் பருவத்தில் ஜார்ஜியா தேசிய வெற்றியாளரானது. அதன் தற்காப்பு ஆட்டக்காரர்களில் ஐந்து பேர் 2022-இல் தொழில்முறைத் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. டி.ஜே.-க்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் டிரெவர் லாரன்ஸ். 2021 தொழில்முறைத் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டவர். அவரோடு சேர்ந்து முதன்மை ஓட்டக்காரர் டிராவிஸ் எட்டியனும் விடைபெற்றார். 2015 முதல் 2020 வரை ஆறு பருவங்கள் தொடர்ந்து கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்த கிளெம்சன், பெரிய தூண்கள் பலவற்றை ஒரே நேரத்தில் இழந்திருந்தது. ரசிகர்கள் மனத்தில் மட்டும் அளவுகோல் மாறவில்லை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2021 பருவம் முழுவதும் டி.ஜே. வீசிய டச்டவுன் 9. எதிரணி பிடித்த வீச்சுகள் 10. இந்தக் கணக்கை யாராலும் மறைக்க முடியாது. 2020-இல் லாரன்ஸ் கோவிட் தொற்றால் விலகியிருந்தபோது இரண்டு ஆட்டங்களில் மாற்றாக இறங்கிய இவரே, நோட்ரடேம் அணிக்கு எதிராக 439 யார்டு வீசியிருந்தார். அந்தக் கை எங்கே போனது என்று ரசிகர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கணக்கேட்டில் சில ஓட்டைகள் உண்டு. சரியாக வந்த பந்தைச் சகா நழுவவிட்டாலும், அது குவாட்டர்பேக்கின் 'நிறைவேறாத வீச்சு' என்றே பதிவாகும். சகாவின் கையில் பட்டுத் தெறித்து எதிரணியிடம் போனாலும், 'இடைமறிப்பு' அவர் பெயரில்தான் ஏறும். பிடிப்பவர் இடப்பக்கம் திரும்ப வேண்டியவர் வலப்பக்கம் திரும்பிவிட்டால், பந்து ஆளில்லாத இடத்தில் விழும். பார்ப்பவருக்குக் குறி தவறியவர் குவாட்டர்பேக். கல்லூரி ஆட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அரண் உடைந்து அவர் வீழ்த்தப்பட்டால், இழந்த தூரம் அவருடைய ஓட்டக் கணக்கிலிருந்தே கழிக்கப்படுகிறது.

எண்களைத் தூக்கி எறிய வேண்டும் என்பதல்ல இதன் பொருள். தனித்து நின்ற சகாவைப் பார்க்காமல் விடுவதும், வீச வேண்டிய நேரத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், இருவர் காவலில் இருப்பவருக்கு வலிந்து வீசுவதும் குவாட்டர்பேக்கின் பிழைகளே. அவர் பந்தை விட மறுத்து நிற்பதாலேயே சில நேரங்களில் அரண் உடைந்ததுபோல் தோன்றும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் பழமொழி. சில வீடுகளில் கூடமும் உண்மையிலேயே கோணலாக இருக்கும் என்பதுதான் சிக்கல். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஆளையோ கூடத்தையோ மாற்றிப் பார்ப்பது.

மாற்றிப் பார்த்தபோது

ஓக்லஹோமாவில் ஆளை மாற்றினார்கள். முழக்கம் எழுந்த இரண்டு வாரத்தில், அக்டோபர் 9-ஆம் தேதி, டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக அணி 28-7 என்று பின்தங்கியிருந்தது. அந்த ஆட்டத்தில் ரேட்லரின் இடத்துக்குக் கேலப் வந்தார். ஓக்லஹோமா 55-48 என்று வென்றது. அதே அரண், அதே சகாக்கள், அதே பயிற்றுநர். முழக்கமிட்டவர்கள் சொன்னது சரி என்றே அன்று தோன்றியது. கேலப் பின்னர் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாறி 2022-இல் ஹைஸ்மன் விருதை வென்றார். 2024 தொழில்முறைத் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

கிளெம்சனிலும் ஆளை மாற்றினார்கள். 2022 டிசம்பரில் வட்டார இறுதியாட்டத்தில் டி.ஜே.-யை ஆரம்பத்திலேயே வெளியே எடுத்து, கேட் கிளப்னிக்கை இறக்கினார் பயிற்றுநர் டேபோ சுவீனி. கிளப்னிக் 24 வீச்சில் 20-ஐ நிறைவேற்ற, அணி 39-10 என்று வட்டாரக் கிண்ணத்தை வென்றது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் 2023-இல் முழுப் பருவமும் கிளப்னிக் ஆடியபோது கிளெம்சன் நான்கு ஆட்டங்களில் தோற்றது. முந்தைய ஆண்டு தோல்வி மூன்று. பழி சுமந்தவர் போய்விட்டார், தோல்வி போகவில்லை.

கூடத்தை மாற்றியபோது என்ன ஆனது? ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போன டி.ஜே., 2023-இல் 21 டச்டவுன் வீசினார். இடைமறிப்பு 7 மட்டுமே. அடுத்த ஆண்டு புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியதும் மறுபடி சரிவு. விரலில் காயம் பட்டு விலகும்வரை 4 டச்டவுன், 6 இடைமறிப்பு. அவர் விலகிய பிறகும் அணி எழவில்லை. மற்றவர்கள் ஆடியும் அந்தப் பருவம் 2 வெற்றி, 10 தோல்வி என்றே முடிந்தது.

இந்தக் கணக்குகளிலிருந்து தெரிவது இதுதான்: ஓக்லஹோமாவில் கேலப் அன்று ரேட்லரைவிடச் சிறந்தவராக இருந்தார். அதனால் ரேட்லர் மோசமானவர் என்று ஆகாது. டி.ஜே. கூடத்தின் கோணலை நிமிர்த்தும் அளவுக்கு வல்லவராக இல்லை. அதனால் கோணல் அவரால் வந்தது என்று ஆகாது.

பணம் வந்த பிறகு

முன்பெல்லாம் ரசிகர்களை அடக்க ஒரு வாசகம் போதும்: "அவர் சம்பளம் வாங்காத மாணவர்." 2021 ஜூலை 1 முதல் அந்த வாசகம் பலமிழந்தது. கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் ஈட்டலாம் என்ற விதி அன்று நடைமுறைக்கு வந்தது. டாக்டர் பெப்பர் பான விளம்பரத்தில் டி.ஜே. தோன்றினார். கிளெம்சன் தோற்கும் ஆட்டத்தின் இடைவேளையிலும் அவர் முகம் திரையில் வரலாம். பணம் வாங்குகிறவரை விமர்சிக்கலாம் என்ற எண்ணம் ரசிகர்களிடம் வேரூன்றியது.

அதே ஆண்டு மாற்றலுக்கான விதியும் தளர்ந்தது. ஒருமுறை பல்கலைக்கழகம் மாறினால் ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம். ரேட்லரும் டி.ஜே.-யும் வெளியேறிய வழி இதுதான். ரசிகர்கள் விரட்டவும் எளிது, ஆட்டக்காரர் கிளம்பவும் எளிது. பொறுமைக்கு இரு பக்கமும் இடம் குறைந்துவிட்டது. பழி விழும்போது அவர்களுக்கு வயது 20, 21.

இருவரும் எதிரெதிரே

2022 நவம்பர் 26-இல் இரு கதைகளும் ஒரே களத்தில் சந்தித்தன. தென் கரோலினா பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்த ரேட்லர், கிளெம்சனின் சொந்த அரங்குக்கே வந்தார். அதற்கு முந்தைய வாரம்தான் டென்னசி பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஆறு டச்டவுன் வீசியிருந்தார். அன்றும் 360 யார்டு வீசினார். டி.ஜே. 29 வீச்சில் நிறைவேற்றியது 8, தூரம் 99 யார்டு. கிளெம்சன் 31-30 என்று தோற்றது. சொந்த அரங்கில் தொடர்ந்து 40 ஆட்டங்கள் வென்ற சாதனை அன்றோடு முடிந்தது.

29-இல் 8. இதற்கு மேல் விவாதமே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கிளெம்சனுக்கு மீண்டும் பந்து கிடைக்கும் தருணம் வந்தது. எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடிய இன்னோர் ஆட்டக்காரர் அதை நழுவவிட்டார். வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. தடுமாறும் குவாட்டர்பேக்கைத் தொடர்ந்து ஆடவைத்தது பயிற்றுநரின் முடிவு. அன்றைய தோல்வியில் டி.ஜே.-யின் பங்கு பெரியது. முழுப் பங்கும் அவருடையது அல்ல.

பழி சுமந்தவர்களின் கதை அத்தோடு முடிவதும் இல்லை. 2018 ஜனவரியில் தேசிய இறுதியாட்டத்தின் இடைவேளையில், அலபாமா 13-0 என்று பின்தங்கியிருந்தபோது வெளியே உட்கார வைக்கப்பட்டவர் ஜேலன் ஹர்ட்ஸ். மாற்றாக இறங்கியவர் வென்று கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அந்த மாற்று ஆட்டக்காரர் காயமடைந்தபோது, ஹர்ட்ஸ் இறங்கி வட்டார இறுதியாட்டத்தை வென்று கொடுத்தார். 2025 பிப்ரவரியில் தொழில்முறைப் போட்டியின் உச்சமான சூப்பர் போல் ஆட்டத்தில் பிலடெல்பியா அணி வென்றபோது, சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது.

வெளியே உட்கார வைக்கப்பட்ட அன்று ஹர்ட்ஸுக்கு வயது 19. அடுத்த முறை திரையில் ஒரு பந்து தவறான கைக்குப் போகும்போது, வீசியவரின் முகத்தைக் காட்டுமுன் அவருக்கு முன்னால் நின்ற ஐந்து பேரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆட்டமும் புரியும், தீர்ப்பும் நிதானமாக வரும்.