அழிந்த நாடாக்களும் அழியாத நினைவும்

இலங்கையின் மிக உயர்ந்த சிகரம் எதுவென்று கேட்டால், மலையகத்துப் பள்ளிப் பிள்ளைகள் பிதுருதலாகலை என்று உடனே விடை கூறிவிடுவர். நுவரெலியா நகருக்கு வடக்கே, 8,281 அடி உயரத்தில், முகில் சூழ நிற்கும் மலை அது. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் ஜப்பானிய அரசின் உதவியோடு ரூபவாஹினி தொடங்கப்பெற்றபோது, அதன் படங்களை நாட்டின் நாற்புறமும் பரப்புவதற்கு இந்த மலையின் உச்சியே துணையாயிற்று. வானத்துக்கு அண்மையில் வாழும் மக்களுக்குத் தொலைக்காட்சியும் அண்மையாகிவிட்டது என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று. கோபுரம் மலையுச்சியில் ஒளி வீசிற்று. அதன் அடிவாரத்து லயங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

ஆயினும் மக்கள் வழி கண்டனர். மோட்டார் வண்டியின் பற்றரியில் இயங்கும் சிறு கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று எங்கோ ஒரு வீட்டுக்கு வரும். பிரட்டுக்குப் போய், கொழுந்தெடுத்து, நிறுவை முடித்து வந்தவர்களெல்லாம் அந்த வீட்டு வாசலில் கூடுவர். பற்றரி சோர்ந்து படம் சுருங்கினால், அதனைச் சுமந்துகொண்டு கடைவீதிக்குச் சென்று மின்னேற்றி வரவேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று சொல்லப்படும் லயத்துக் காம்பிராவில் ஓர் ஊரே அடங்கியிருந்த காலம் அது.

இதனை எண்ணும்பொழுது, ஆங்கில நாட்டின் பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதன் நாயகனிடம் ஒரு பெட்டி உண்டு. புறத்தே பார்த்தால் இலண்டன் தெருமுனையில் நிற்கும் நீலநிறப் பொலிஸ் தொலைபேசிக் கூண்டு. உள்ளே புகுந்தாலோ ஒரு மாளிகை. காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் விமானம் அது. ‘டாக்டர் ஹூ’ என்பது அத்தொடரின் பெயர்.

இலண்டனில் பிறந்த தொடர்

1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், சனிக்கிழமை மாலை, பீ.பீ.சி. தொலைக்காட்சியில் இத்தொடர் தோன்றிற்று. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டு இறந்ததற்கு அடுத்த நாள் அது. உலகமே திகைத்திருந்த வேளையில் சிறுவர்க்கான கற்பனைக் கதையை யார் கவனிப்பார்? எனவே, அடுத்த கிழமை முதற்பகுதியை மறுமுறையும் காட்டினர். அந்த முதற்கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன் என்னும் இளைஞர். லக்னோவில் பிறந்தவர், அப்போது அவருக்கு வயது 24. ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் புகழ்பெற்ற அத்தியா ஹுசைன் அவருடைய அன்னையார். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் இளம்பெண். ஆண்களே நிறைந்திருந்த ஒரு நிறுவனத்தில் இவ்விருவரும் கைக்கொண்ட குறைந்த பொருட்செலவு முயற்சி, 1989 வரை இடையறாது நடந்து, 2005இல் மீண்டும் உயிர்பெற்றது.

அட்டையும் மரமும் கொண்டு செய்த அரக்கர்களைக் கண்டு, நாற்காலிகளின் பின்னே ஒளிந்துகொண்டு பார்த்த அந்நாளைய சிறுவர் இன்று முதியோராகிவிட்டனர். அரங்கப் பொருள்கள் ஆடியதும், நடிகர் சொற்களை மறந்து தடுமாறியதும் அவர்களுக்கு இன்று குற்றமாகத் தோன்றவில்லை; இளமையின் மணமாகவே தோன்றுகின்றன.

அக்காலத்து மலையகம்

அந்த முதற்பகுதி ஒளிபரப்பான காலத்தில் இலங்கையில் தொலைக்காட்சியே இல்லை. 1979 ஏப்ரல் மாதத்தில்தான் முதல் நிலையம் தோன்றிற்று. ஆனால், 1963க்கும் 1979க்கும் இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் மலையக மக்கள் எந்தக் கற்பனைக் கதையிலும் காணாத ஒரு பயணத்துக்கு உள்ளாயினர். தொடர் தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள், 1964 அக்டோபர் 30ஆம் நாள், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோராக்கப்பட்டிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும், எஞ்சியோரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் இரு அரசுகளும் உடன்பட்டன. மலைநாட்டு நிலையங்களில் ஏறியோர் தலைமன்னாரில் இறங்கிக் கப்பலேறினர். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவரான குடும்பங்கள் எத்தனையோ! அவர்களுடைய பெட்டிகள் வெளியிலும் சிறியவை, உள்ளேயும் சிறியவை. அவர்கள் விட்டுச்சென்றவற்றைப் பதிந்து வைத்த நாடா எதுவும் இல்லை.

பீ.பீ.சி. என்னும் பெயர் அந்நாளில் நம்மவர்க்குப் படமாக வரவில்லை, குரலாகவே வந்தது. 1941இல் தொடங்கிய அதன் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர் ஈழத்து எழுத்தாளர் சோ. சிவபாதசுந்தரம் என்பதை இலக்கிய அன்பர்கள் அறிவர். அந்தச் சிற்றலை ஒலிபரப்பும் 2017இல் நின்றுபோயிற்று.

எறிந்தவரும் எடுத்தவரும்

இனி, ‘டாக்டர் ஹூ’வின் வரலாற்றில் நாம் பாடம் பெறவேண்டிய பகுதிக்கு வருவோம். தன் புகழ்மிக்க தொடரைப் பீ.பீ.சி. தானே அழித்தது! காரணம் பகையன்று, சிக்கனம். அந்நாளில் ஒளிப்பதிவு நாடா விலையுயர்ந்த பொருள். அதில் பதிந்ததை அழித்துவிட்டு வேறொன்றைப் பதிவது வழக்கம். நடிகர் சங்கத்துடன் செய்துகொண்ட உடன்பாடுகளால் பழைய நாடகங்களை மீண்டும் மீண்டும் காட்ட இயலாது. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின், கறுப்பு வெள்ளைப் படத்தை இனி யார் கேட்பார் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. முதல் ஆறு ஆண்டுகளில் வெளியான 253 பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்றுவரை கிடைத்தில.

கிடைத்தவை எவ்வாறு கிடைத்தன என்பதே வியப்பு. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக இத்தொடரைப் படச்சுருளிலும் எடுத்திருந்தனர். அச்சுருள்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கைமாறிச் சென்றன. காட்டி முடித்தபின் திருப்பியனுப்புக, அல்லது அழித்துவிடுக என்பது கட்டளை. கட்டளையை மறந்தவர்கள் கலைக்குத் தொண்டு செய்தவராயினர்! சைப்பிரஸ் தீவில் சில பகுதிகள் அகப்பட்டன. 1992இல் ஹொங்கொங்கிலிருந்து நான்கு பகுதிகள் கொண்ட கதையொன்று முழுமையாகத் திரும்பிற்று. 2013இல், நைஜீரியாவின் ஜொஸ் நகரத்து ஒளிபரப்பு நிலையம் ஒன்றின் களஞ்சியத்தில் ஒன்பது பகுதிகள் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. தலைநகரம் எறிந்ததைத் தொலைவிலுள்ள சிற்றூர்கள் காத்து வைத்திருந்தன.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. படம் அழிந்த பகுதிகளுக்கும் ஒலி அழியவில்லை. ஒரு பகுதிக்கேனும் ஒலி இல்லாமற் போகவில்லை. எங்ஙனம்? ஆங்கில நாட்டு இல்லங்களில் இளைஞர் சிலர், தொலைக்காட்சிப் பெட்டியருகே ஒலிவாங்கியை வைத்து, தம் இன்பத்துக்காக ஒலிப்பதிவு செய்திருந்தனர். பெரிய நிறுவனம் மதியாததைச் சிறுவன் ஒருவன் மதித்தான். அந்த ஒலியை வைத்தே இன்று இழந்த கதைகளுக்குச் சித்திரப்படம் அமைக்கின்றனர்.

வான் ஏணி

அறிவியற் கற்பனைக்கும் மலையகத்துக்கும் வேறோர் உறவும் உண்டு. 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்து, 2008இல் கொழும்பில் மறைந்த ஆர்தர் சி. கிளார்க்கை நாம் மறக்கலாகாது. பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழலும் செய்கோள்கள் வழியே உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் அவர். இந்தியா 1975இல் செய்கோள் வழித் தொலைக்காட்சிச் சோதனை நடத்தியபோது, இந்தியப் பொறியியலாளர் கொழும்பிலிருந்த அவர் இல்லத்தில் பெரிய வானலை வாங்கி ஒன்றை நிறுவினர். நாட்டில் நிலையமே இல்லாதிருக்க, அவர் வீட்டில் மட்டும் வானிலிருந்து படம் இறங்கிற்று. 1980இல் பிரித்தானியத் தொலைக்காட்சிக்காக அவர் அளித்த, உலக மர்மங்களைப் பற்றிய 13 பகுதித் தொடரையும் பலர் இன்று ஏக்கத்துடன் நினைவுகூர்கின்றனர்.

அவருடைய ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ என்னும் 1979ஆம் ஆண்டு நாவலில், பூமியிலிருந்து விண்ணுக்கு ஏணி ஒன்று எழுப்பப்படுகிறது. அது எழும் மலை எதுவென்று நினைக்கின்றீர்கள்? சிவனொளிபாத மலையே. பெயரைச் சற்று மாற்றி, தீவையே தெற்கே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி வைத்தார் ஆசிரியர். மார்கழி முதல் வைகாசி வரையிலான யாத்திரைக் காலத்தில், மஸ்கெலியாத் தோட்டங்களில் நின்று இரவில் நோக்குவோர்க்கு இக்கற்பனை புதிதன்று. இருளில் மலை மறைந்துவிட, விளக்குகளின் வரிசை மட்டும் விண்ணை நோக்கி ஏறிச் செல்லும். பொறியியலாளர் வருமுன்னரே அடியார்கள் அமைத்த ஏணி அது.

நம் கடன்

பழம் நினைவு என்பது வெறும் பெருமூச்சாக முடிந்தால் பயனில்லை. ஒலிவாங்கியை நீட்டிய ஆங்கிலச் சிறுவன் ஒரு நாடகத்தைக் காத்தான். நம் மலைநாட்டிலும் அத்தகைய தொண்டு செய்தோர் உண்டு. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராய் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். அவர் தொகுத்திராவிடில், தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியுமாக எத்தனை பாடல்கள் பாடியவரோடு மண்ணாகியிருக்கும்!

2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே சென்றனர். கால்கள் அந்தப் பாதையை நினைவில் மீட்டன. நாவுகளும் செவிகளும் செய்யவேண்டியது இன்னும் மிகுதி. கங்காணிக் காலத்தைத் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டவர்கள், ஒப்பந்தக் காலத்தில் நிலையத்தில் நின்று கையசைத்தவர்கள், பற்றரியில் ஓடிய பெட்டியின்முன் முதன்முதல் அமர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அந்த நாடாக்கள் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருக்கின்றன.

இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசி ஒவ்வொன்றும் ஒலிப்பதிவுக் கருவியே. அட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள ஆசிரியர்கள், விடுமுறைப் பணியாக ஒரு மாணவர் ஒரு முதியவரிடம் அரைமணி நேரம் பேசிப் பதிந்து வரவேண்டும் என்று பணித்தால் என்ன? பெயர், தோட்டம், பாடிய பாட்டு, பிரிந்து சென்ற உறவினர், முதலில் கண்ட படம் ஆகியவற்றைக் கேட்டாலே போதும். பதிந்ததைப் பள்ளி நூலகத்தில் வைத்து, பிரதியொன்றை வேறோர் ஊரிலும் வைத்தல் வேண்டும்; ஓரிடத்தில் அழிந்தது வேறோரிடத்தில் கிடைக்கும் என்பதற்கு ஜொஸ் நகரமே சான்று. காலத்தைக் கடந்து செல்லும் நீலப்பெட்டி கதையில் மட்டுமே உண்டு. நமக்கு வாய்த்திருப்பது முதியோரின் குரல். அது ஒலிக்கும்போதே பதிந்து வைத்தல் நம் கடன்.