சாவுமில்லை, பெயருமில்லை

சாகாவரம் பெற்றவர்களின் கதைகள் எல்லா மொழிகளிலும் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை வரம் பெற்றவனின் மூப்பையும் சலிப்பையுமே பேசுகின்றன. ஜொனதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட கலிவரின் யாத்திரைகளில் வரும் சாகா மனிதர்கள் பல்லும் மயிரும் உதிர்ந்து, நெருங்கியவர்களின் பெயரையும் மறந்து கிடக்கிறார்கள். சிமோன் த பொவுவார் 1946இல் எழுதிய நாவலிலே, நூற்றாண்டுகளைக் கடந்து வாழும் பொஸ்காவுக்கு வாழ்வே அலுத்துப்போகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நாவலிலோ சாகாதவள் எதையும் மறப்பதில்லை. மற்றவர்கள்தாம் அவளை மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்க எழுத்தாளரான வி. ஈ. ஷ்வாப் எழுதி 2020 ஒக்டோபரில் வெளிவந்தது இந்நாவல். ‘அடி லாரூவின் கட்புலனாகா வாழ்வு’ என்று தலைப்பைத் தமிழாக்கலாம். மாயக் கதைகளில் எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. மருமகள் கொண்டுவந்து தந்த புத்தகம் பல மாதங்கள் அலுமாரியிலேயே கிடந்தது.

கதை 1714இல், பிரான்சின் ஒரு சிற்றூரில் தொடங்குகிறது. மனைவியை இழந்த ஒருவனுக்கு விருப்பமின்றி மணமுடிக்கப்படவிருந்த அடெலின், திருமண நாளன்று காட்டுக்குள் ஓடுகிறாள். இருட்டிய பின் பதில் தரும் தெய்வங்களிடம் எதையும் கேட்காதே என்று ஊர்க் கிழவி எஸ்தல் எச்சரித்திருந்தாள். அந்தத் தவறுதான் நடந்துவிடுகிறது. எவருக்கும் உடைமையாகாமல் வாழவேண்டும், காலம் வேண்டும் என்கிறாள். வாழ்ந்தது போதும் என்று அவளே சொல்லும் நாளில் ஆன்மாவைத் தந்தாற் போதும் என்கிறது இருள்.

கேட்டது கிடைக்கிறது. ஆனால் அவள் கண்ணிலிருந்து மறைந்த மறுகணமே பார்த்தவர்கள் அவளை மறந்துவிடுவார்கள். ஒரு கதவு சாத்தப்பட்டாற் போதும். ஒரு தூக்கம் போதும். தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாற் சொல் வராது; எழுதினால் எழுத்து நில்லாது. வீடு திரும்பியவளைப் பெற்றவர்களே அந்நியப் பெண்ணாகப் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்தேன். என் தாயாருக்கு எண்பத்தாறு வயது. நான் அடுக்களைக்குப் போய்த் தேநீரோடு திரும்பி வருவதற்குள், “தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?” என்று கேட்பார். உங்கடை பிள்ளைதான் என்பேன். சிரிப்பார், நம்பமாட்டார். இது மூன்று வருடக் கதை. மறதிநோய் பற்றி மருத்துவர்கள் எழுதியவற்றை ஓரளவு படித்திருக்கிறேன். அவை மறப்பவரைப் பற்றியவை. மறக்கப்படுகிறவர் அன்றாடம் என்ன செய்கிறார் என்பதை ஒரு மாயக் கதையிலேதான் கண்டேன். அடெலின் ஒவ்வொரு காலையும் அதே மனிதரிடம் அதே அறிமுகத்தை, முதல் தடவைபோலவே, சலிப்பைக் காட்டாமற் செய்கிறாள்.

பூதவுடல் அழிந்தாலும் புகழுடம்பு நிற்கும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். பெயர் பொறித்து நடுகல் நட்டது நம் மரபு. ஷ்வாப் இதைத் தலைகீழாக்கிப் பார்க்கிறார். பூதவுடல் முந்நூறு ஆண்டு நிற்கிறது. புகழுடம்புக்கு இடமே இல்லை. ஆயினும் அவள் ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். தன்னை நினைவில் வைக்க முடியாதவர்களின் மனதிலும் ஓர் எண்ணத்தை விதைக்க முடிகிறது. நியூயோர்க்கில் ஓர் இளம் இசைஞன் அவளோடு இருந்து ஒரு மெட்டை உருவாக்குகிறான். விடிந்தால் அவள் யாரென்று தெரியாது. மெட்டு மட்டும் விரல்களில் நிற்கிறது. நாவலின் பகுதிகளுக்கு முன்னே ஒவ்வொரு கலைப்படைப்பு பற்றிய குறிப்பு வருகிறது. அவளுடைய முகத்திலுள்ள ஏழு மச்சங்கள் அவற்றுள் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றன. நூலில் என்னை மிகவும் கவர்ந்த உத்தி இதுதான்.

2014இல் ஒரு புத்தகக் கடையில், அவள் களவெடுத்த புத்தகத்தோடு மறுநாள் திரும்பி வரும்போது, ஹென்றி என்ற இளைஞன் உன்னை ஞாபகம் இருக்கிறது என்கிறான். முந்நூறு ஆண்டுகளில் முதற்றடவை. அவனாலே அவள் பெயரைச் சொல்லவும் முடிகிறது, அவள் கதையை எழுதவும் முடிகிறது. அது எப்படி என்பதையும், முடிவையும் சொல்லி உங்கள் வாசிப்பைக் கெடுக்க விரும்பவில்லை.

குறைகளும் உண்டு. இருளுக்கும் அடெலினுக்கும் இடையிலான காதற் பூசல் பிற்பகுதியில் இழுபடுகிறது. கதை ஏறத்தாழ முழுவதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமே நிற்கிறது. பிரெஞ்சுப் புரட்சிகூட நாடகத் திரைச்சீலைபோல வந்து போகிறது. அவள் வரம் பெற்ற அந்த 1714இல் எமது கரையோரங்கள் ஒல்லாந்தர் கையில் இருந்தன. அக்காலத்துக் கப்பல்கள் எங்கே போயின, யாரை ஏற்றின என்பதை, எதையும் மறவாத ஒருத்தி கண்டதாகவே தெரியவில்லை.

ஆனாலும் இரண்டாம் முறையும் படித்தேன். அந்த மெட்டுக்காக. பள்ளிக்கூட நாட்களில் நான் படலையைத் திறக்கும்போதெல்லாம் அம்மா, “குடையைக் கொண்டு போ” என்பார். நான் யாரென்று தெரியாத இந்நாட்களிலும் வெளிக்கிடும்போது திண்ணையிலிருந்து குரல் வருகிறது. அன்றைய ‘போ’ மட்டும் இப்போது ‘போம்’ ஆகியிருக்கிறது.