ரிமோட் யாரைக் கூப்பிடுகிறது?

பெரிய லெகோ நகரக் காட்சி ஒன்றில் ராட்டினம் சுற்றும், காற்றாலை சுழலும், துறைமுகத்தில் கிரேன் சரக்குப் பெட்டியை இறக்கும், பாலம் திறந்து மூடும். பார்க்க வருபவர்களின் கண் கட்டடங்கள் மேல் இருக்கும். கட்டியவர்களின் கவலை மேசைக்கு அடியில் இருக்கும். அங்கே நாற்பது மோட்டார்கள் இருக்கின்றன என்றால், பாலத்தை மட்டும் திறக்கச் சொல்வது எப்படி? மோட்டாரைச் சுழற்றுவது பெரிய காரியமில்லை, மின்சாரம் கொடுத்தால் சுழலும். மற்ற முப்பத்தொன்பதும் சும்மா இருக்க வேண்டும், அதுதான் பெரிய காரியம். கூட்டத்தில் “தம்பி!” என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவர்தான் திரும்புவார். மோட்டாருக்கும் ஒரு பெயர் வேண்டும்.

பழைய வழி, ஆளுக்கொரு வயர். டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரைச் சேர்ந்த லெகோ நிறுவனம் 1980இல் கொண்டுவந்த 12 வோல்ட் ரயில் வரிசையில், தடம் மாற்றுவதும் சிக்னல் காட்டுவதும் இப்படித்தான் நடந்தன. எந்த வயரில் மின்சாரம் போகிறதோ அதுவே பெயர். கருவிகள் பெருகப் பெருக மேசைக்கடியில் வயர்க்காடு வளரும்.

2007இல் வந்த ‘பவர் ஃபங்ஷன்ஸ்’ வரிசை வயரை விட்டு அகச்சிவப்பு ஒளிக்கு மாறியது. ரிசீவரில் ஒரு குட்டி சுவிட்ச். அதை 1 முதல் 4 வரை ஏதாவது ஓர் எண்ணில் வைக்கலாம். ஒவ்வொரு ரிசீவரிலும் சிவப்பு, நீலம் என்று இரண்டு இணைப்புகள். நான்கு இரண்டு எட்டு: ஓர் அறைக்கு எட்டுப் பெயர்கள்தான். ஒன்பதாவது மோட்டாரை மாட்டினால், அது ஏற்கெனவே உள்ள ஏதோ ஒன்றோடு சேர்ந்தே ஆடும்.

இந்த எட்டுக்குள் ஒளிந்திருக்கும் நுட்பம் என்னை மிகவும் ஈர்த்தது. சிக்னலின் விதிகளை லெகோவே வெளியிட்டிருக்கிறது. நொடிக்கு 38,000 முறை மினுங்கும் ஒளி, சின்னச் சின்னத் துடிப்புகளாகக் கிளம்புகிறது. துடிப்பின் நீளம் மாறுவதே இல்லை; அதன் பின்னால் விடும் இடைவெளி குறைவாக இருந்தால் 0, கூடுதலாக இருந்தால் 1. ஒரு கட்டளைக்கு 16 பிட். அவற்றில் கடைசி நான்கு, முன்னால் வந்தவை சிதையாமல் வந்தனவா என்று சரிபார்ப்பதற்கு. மிக நீளமான கட்டளையும் 16 மில்லிசெகண்டில் முடிந்துவிடும்.

நான்கு குழந்தைகள் நான்கு ரிமோட்டை ஒரே நேரத்தில் அழுத்தினால்? நான்கு ஒளியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எதுவும் புரியாமல் போகும். ஒரு ரிமோட்டுக்கு அடுத்ததன் குரல் கேட்காது. அதற்குக் காதே கிடையாது. அதனால் முன்கூட்டியே நேரத்தைப் பங்கிட்டுவிட்டார்கள். 4ஆம் எண் ரிமோட் உடனே பேசும். 3ஆம் எண் 16 மில்லிசெகண்ட் பொறுக்கும், 2ஆம் எண் 32, 1ஆம் எண் 48. பிறகு எல்லோரும் 80 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று தடவை அதே கட்டளையைச் சொல்வார்கள். ஒன்றாக அழுத்தியிருந்தால் இந்தக் கணக்கில் யாரும் யார்மேலும் மோத மாட்டார்கள். சற்று முன்பின்னாக அழுத்தி மோதிக்கொண்டால்? நான்காவது, ஐந்தாவது தடவைகளுக்கு இடைவெளி ஆளுக்கு ஆள் மாறுகிறது: 1ஆம் எண்ணுக்கு 128 மில்லிசெகண்ட், 2க்கு 160, 3க்கு 192, 4க்கு 224. ஒருமுறை முட்டிக்கொண்டவர்கள் மறுமுறை விலகிப் போக வாய்ப்பு அதிகம். 1971இல் ஹவாய்த் தீவுகளின் கணினிகளை வானொலியால் இணைத்த ‘அலோகாநெட்’ வலையமைப்பும், மோதினால் வேறு வேறு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பு என்றுதான் சொன்னது. அதே சிந்தனை இங்கே ஒரு பொம்மைக்குள்.

இதில் இன்னொரு சிக்கல் முளைக்கிறது. “வேகத்தை ஒரு படி கூட்டு” என்று ஐந்து முறை சொன்னால் ரயில் ஐந்து படி பாய்ந்துவிடாதா? அதற்கும் ஒரு பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு புது அழுத்தலுக்கும் அது 0, 1 என்று மாறும். மாறாமல் வந்தால் பழைய பேச்சு என்று ரிசீவர் தள்ளிவிடும்.

எட்டைத் தாண்ட வேண்டுமானால் ஒளியின் பலவீனத்தையே பயன்படுத்தலாம். அகச்சிவப்பு சுவரைத் தாண்டாது. ஒவ்வொரு கட்டடத்தின் ரிசீவரையும் ஒளி புகாத பெட்டிக்குள் வைத்து, உள்ளே ஓர் அகச்சிவப்பு எல்இடியையும் வைத்தால், அதே எட்டுப் பெயர்களைப் பெட்டிக்குப் பெட்டி திரும்பப் பயன்படுத்தலாம். பார்வையாளர்கள் குறுக்கே நிற்பதாலும் கெடாது. பின்னால் வந்த ‘பவர்டு அப்’ வரிசை புளூடூத்துக்கு மாறியது. ஆர்வலர்கள் அதற்காக எழுதிய ‘பைபிரிக்ஸ்’ மென்பொருளில், ஜோடி சேராமலேயே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி அறிவிப்பு கொடுக்க, மற்றவை கேட்டுக்கொள்ளலாம். 0 முதல் 255 வரை அலைவரிசை எண்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் பேட்டரி வேண்டும். நாள் முழுக்க ஓடும் காட்சிக்கு அது தலைவலி.

நிலையான காட்சியானால் நான் வயர் பக்கமே நிற்பேன். மேடை விளக்குகளுக்காக 1986இல் வந்த டிஎம்எக்ஸ் 512 முறையில் ஒரே கேபிள் கருவிக்குக் கருவி தொடர்ந்து போகும். இங்கே பெயர் சொல்லி அழைப்பதே இல்லை. ஒரு தொடக்கக் குறி, அதன் பின் வரிசையாக 512 எண்கள். 37ஆம் கருவி தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, 37ஆவது எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். முழு வரிசையும் நொடிக்குச் சுமார் 44 முறை திரும்ப வருவதால், ஒரு சுற்று கெட்டாலும் அடுத்த சுற்று சரிசெய்துவிடும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் இயக்கிப் பலகை இந்த எண்களைப் படிக்கத் தெரிந்ததாக இருந்தால் போதும்.

பெயர்ப் பிரச்சினை தீர்ந்ததும் மின்சாரப் பிரச்சினை வரும். நிற்கும் மோட்டார் புறப்படும் கணத்தில், சும்மா ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை உறிஞ்சும். நாற்பதும் ஒன்றாகக் கிளம்பினால் மின்னழுத்தம் சரிந்து, கட்டுப்படுத்தும் கருவியே அணைந்து எழும். அதனால் சில நூறு மில்லிசெகண்ட் இடைவெளியில் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். பல் உடைந்த சக்கரம் ஒன்று மோட்டாரைப் பிடித்து நிறுத்திவிட்டாலும் இதே பெரிய மின்னோட்டம்தான், ஆனால் இம்முறை ஒரு கணத்தோடு முடியாது, சூடேறும். ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ் வேண்டும் என்பது இதனால்தான்.

மையக் கட்டுப்பாடே இல்லாமல் பல மோட்டார்களை ஒத்துழைக்க வைத்தவர்களும் இருக்கிறார்கள். லெகோ ஆர்வலர்களின் ‘கிரேட் பால் கான்ட்ராப்ஷன்’ காட்சியில் சின்னப் பந்துகள் இயந்திரம் விட்டு இயந்திரம் பயணிக்கும். ஒவ்வொரு இயந்திரத்தையும் ஒருவர் தம் வீட்டில் தனியாகக் கட்டிக் கொண்டுவருகிறார். விதி சுருக்கமானது: பந்தை வாங்க ஒரு கூடை இருக்க வேண்டும், சராசரியாக நொடிக்கு ஒரு பந்தை வாங்கி அடுத்தவருக்குத் தள்ள வேண்டும், மொத்தமாகத் தள்ளினால் 30க்கு மேல் போகக் கூடாது. ஒருவரின் மோட்டார் வேகமாக ஓடலாம், இன்னொருவருடையது முப்பது பந்து சேரும்வரை காத்திருந்து கவிழ்க்கலாம். எந்த மோட்டாருக்கும் அடுத்த மோட்டாரிடமிருந்து எந்தச் செய்தியும் வருவதில்லை. கூடைக்கு வந்து விழும் பந்தைத் தவிர.