மாற்றியமைத்த இயந்திரமும் அதன் வெப்பமும்

பெற்றோல் எரிவதெல்லாம் வண்டியை ஓட்டுவதற்கே என்று பலரும் எண்ணுவர். உண்மையில் எரியும் பெற்றோலின் வெப்பத்தில் ஏறக்குறையக் காற்பங்கே சில்லுகளைச் சுழற்றும் வேலையாகின்றது. மூன்றிலொரு பங்களவு புகைக்குழாய் வழியே போய்விடும். ஏறத்தாழ அதேயளவு வெப்பத்தைச் சிலிண்டர்களைச் சூழ்ந்தோடும் நீர் ஏற்று, ரேடியேற்றர் வழியாகக் காற்றிற் சேர்க்கவேண்டும்.

1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் வண்டியை நேயர்கள் நன்கு அறிவார்கள். அதன் முதல் இயந்திரம் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. வலு ஏறக்குறைய 27 பரிவலு. நீரை உந்துவதற்குப் பம்பி கூடத் தொடக்கத்தில் இருக்கவில்லை. சூடேறிய நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை நியதியே போதுமானதாயிற்று. 1962இல் அதே வண்டி 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தையும் 48 பரிவலுவையும் பெற்றது. இன்றும் நம் தீவில் ஓடும் மைனர்கள் சிலவற்றில் உரிமையாளர்கள் 1275 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தைப் பொருத்தியுள்ளனர். முன்புறத்திலுள்ள ரேடியேற்றர் மட்டும் பழையதாகவே இருந்துவிடுகின்றது.

ஆயினும் இத்தகைய வண்டி சமதரையிற் குறைசொல்ல இடமின்றி ஓடும். வெப்பம் இயந்திரத்தின் பருமனைப் பொறுத்ததன்று. எரியும் பெற்றோலின் அளவைப் பொறுத்தது. யாழ்ப்பாண வீதியில் நிதானமாகச் செல்லும்போது பெரிய இயந்திரமும் சிறியதைப்போலவே சிறிதளவே எரிக்கும். றம்பொடை ஏற்றத்தில் முழு வலுவையும் கேட்கும்போதுதான் புதிய வலுவுக்குரிய புதிய வெப்பம் வெளிப்படும். வண்டியோ மெல்ல ஊர்வதால் எதிர்க்காற்றும் குறைவு.

உயரமும் அங்கே பகையாகின்றது. கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். இதைத் தடுப்பது ரேடியேற்றர் மூடியின் சுருள்வில். சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரைப் பாகை உயரும். தளர்ந்துபோன மூடியை மாற்றச் செலவாவது சொற்பமே. பெருஞ்செலவில் இயந்திரத்தை மாற்றியவர்களும் இதை மறந்துவிடுவதுதான் விந்தை.

சூடு ஏறினால் தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறிவது நம்மவரிடையே உள்ள பழக்கம். அது தவறான வைத்தியம். தடையில்லாத நீர் எளிய வழியே விரைந்தோடும். இயந்திரத் தலையின் சில மூலைகளில் நீரோட்டம் குறைந்து, அவ்விடங்கள் முன்னிலும் கொதிக்கும். மாறாக, தீப்பொறி உரிய நேரத்திற் பிறக்கின்றதா, பழைய காபுரேற்றர் புதிய இயந்திரத்துக்கு வேண்டிய பெற்றோலைத் தருகின்றதா என்று பார்த்தல் நன்று. பொறி பிந்தினாலும் கலவையிற் பெற்றோல் குறைந்தாலும் வெப்பம் மிகும். விசிறியைச் சுற்றித் தகட்டுறை ஒன்று அமைத்தால், அது ரேடியேற்றரின் முழுப்பரப்பினூடாகவும் காற்றை இழுக்கும்.

யாழ்ப்பாணத்தவர் கவனிக்கவேண்டியது இன்னொன்று. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் கேத்தலினுள்ளே படியவிடும் வெண்படையை இல்லத்தரசிகள் அறிவர். அதே படை ரேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படியும். வெப்பம் கடந்துசெல்ல முடியாது. அளவிற் பெரிய ரேடியேற்றரைப் பொருத்தினாலும் சில ஆண்டுகளில் அது சிறியதாகிவிடும். வடித்த நீரும் துருத்தடுப்புக் கலவையுமே அதற்கு ஏற்றவை.

வழியில் நீர் கொதித்துவிட்டால் வண்டியை ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிடவேண்டும். மூடியை உடனே திறப்பது பேராபத்து. அழுத்தம் நீங்கிய கணமே உள்ளிருக்கும் நீர் ஆவியாகச் சீறியெழுந்து முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். அரைமணி நேரமாவது பொறுத்து, கையால் தொடக்கூடிய அளவுக்கு ரேடியேற்றர் ஆறிய பின்னர், தடித்த துணியால் மூடியைப் பற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்தவேண்டும். புதிய நீரையும் மெல்லமெல்லவே ஊற்றவேண்டும். வெந்த இரும்பின்மேல் குளிர்நீர் ஒரேயடியாகப் பாய்ந்தால் இயந்திரத் தலை வெடிப்புக் காணும்.